கல்லூரியில் முழு நாள் பாலின விழிப்புணர்வுப் பயிலரங்கு: ஒரு மதிப்புரை

பாலினச் சமத்துவம் பற்றியும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராகத் தங்களுக்கு உள்ள உரிமைகள் பற்றியும் மாணவர்கள் அறிந்துகொள்வதற்காக மகளிர் உரிமை அமைப்பு ஒன்று கல்லூரி கல்லூரியாகச் சென்று முழு நாள் பயிலரங்கு நடத்திவருகிறது. எங்கள் பகுதியில் உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரியில் அது நடந்தபோது தொடக்கம் முதல் முடிவு வரை அமர்ந்து பார்த்தேன். நான் வேறொரு கல்லூரியின் ஆசிரியை. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் அங்குள்ள உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினர். அடுத்த கல்வியாண்டில் இதே அமைப்பை எங்கள் மாணவர்களுக்கும் அழைப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்ததால், நிகழ்ச்சியின் சிறப்புகளை மட்டுமல்லாமல் குறைகளையும் கவனமாகக் குறித்துக்கொண்டேன். இத்தகைய நிகழ்ச்சியை ஏற்பாடு செய்ய நினைக்கும் பிற கல்லூரிகளுக்கும், அதில் பங்கேற்கப்போகும் மாணவர்களுக்கும் அந்தக் குறிப்புகள் பயன்படக்கூடும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போகும் ஒரு மாணவிக்கு மறுநாள் காலையில் ஒரு சிக்கல் வந்தால், யாரிடம் போவது, எப்படி எழுதிக் கொடுப்பது, எத்தனை நாளுக்குள் கொடுப்பது, கொடுத்தபின் என்ன நடக்கும் என்ற நான்கும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றைத் தெரியவைக்காத நிகழ்ச்சி எவ்வளவு கைதட்டல் பெற்றாலும் அதை வெற்றி என்று நான் எண்ணமாட்டேன்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. மார்ச் 8 நெருங்கும்போது கோலப் போட்டியும் பேச்சுப் போட்டியும் சிறப்பு விருந்தினர் உரையும் நடைபெறாத கல்லூரி அரிது. கல்லூரிகளுக்கான நாக் தரமதிப்பீட்டில் பாலினச் சமத்துவத்துக்காகக் கல்லூரி என்ன செய்தது என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியிருப்பதால், ஃபிளெக்ஸ் பதாகையும் எடுத்த இடம் பதிவான (ஜியோடேக்) படங்களும் வருகைப் பதிவேடும் தவறாமல் கோப்பில் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கல்லூரிகளிடம் கேட்பது இதைவிட அதிகம். மாணவர், ஆசிரியர், அலுவலர் ஆகிய எல்லாத் தரப்பினருக்கும் முறையான பயிற்சி தர வேண்டும். புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் தொடர்பு விவரமும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட வேண்டும் என்று அவை தெளிவாகவே கூறுகின்றன. நான் பார்த்த பயிலரங்கு அந்த ஒழுங்குமுறைகளை அடிப்படையாக வைத்தே வடிவமைக்கப்பட்டிருந்தது. மற்ற நிகழ்ச்சிகளிலிருந்து இது வேறுபட்ட முதல் இடம் அதுதான்.

குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை ஆகியவற்றுக்கு வழக்கமான நேரம் சென்றது. அதைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

காலை அமர்வை நடத்தியவர் குடும்ப நீதிமன்ற வழக்குகளிலும் பணியிடப் புகார்களிலும் அனுபவம் உள்ள ஒரு பெண் வழக்கறிஞர். அவர் மேடையில் நிற்காமல் கீழே இறங்கி வரிசைகளுக்கு நடுவே வந்து நின்று, ‘உங்கள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? ஒரு பெயரையாவது சொல்லுங்கள்’ என்று கேட்டார். அரங்கில் பதில் இல்லை. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் மட்டும் தயங்கி எழுந்து, ‘முதல்வர் மேடம்’ என்றார். அந்தப் பதிலை வழக்கறிஞர் திருத்திய விதம்தான் அந்த அமர்வின் உயிர் என்று சொல்வேன். முதல்வர், துறைத்தலைவர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் குழுவில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று மானியக் குழுவின் ஒழுங்குமுறை தடை செய்திருப்பதையும், அதற்கான காரணத்தையும் அவர் முதல்வரின் முன்னிலையிலேயே மிகுந்த மரியாதையோடு விளக்கினார். புகார் நிர்வாகத்தில் உள்ள ஒருவர் மீதே வரக்கூடும். குழுவின் அறிக்கையைப் பெற்று நடவடிக்கை எடுக்க வேண்டியவரும் நிர்வாகத் தலைவரே. ஆகவே விசாரிப்பவரும் தண்டிப்பவரும் ஒருவராக இருக்கலாகாது. முதல்வரும் அதைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

பிறகு குழு எப்படி அமைய வேண்டும் என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். தலைவராக மூத்த பேராசிரியை ஒருவர். கல்லூரியாக இருந்தால் இணைப் பேராசிரியர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர், பெண்கள் உரிமைக்காகப் பணியாற்றும் அமைப்பிலிருந்து வெளி உறுப்பினர் ஒருவர். மாணவர் தொடர்பான புகாராக இருந்தால் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலை ஆகியவற்றிலிருந்து மாணவப் பிரதிநிதிகள் மூவர். மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் பெண்கள். மாணவப் பிரதிநிதிகளை ஆசிரியர் யாரும் நியமிக்க முடியாது, வெளிப்படையான தேர்தல் வழியாகவே அவர்கள் வர வேண்டும் என்று சொன்னபோது அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது. தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தலே நடப்பதில்லை. வகுப்புப் பிரதிநிதியை ஆசிரியரே சுட்டிக்காட்டுவதுதான் வழக்கம். அப்படிப்பட்ட சூழலில் படிக்கும் பிள்ளைகளுக்கு, தங்களைப் பாதிக்கும் ஒரு குழுவில் தாங்களே ஆள் அனுப்பலாம் என்ற செய்தி புதியதாகவும் பெரியதாகவும் இருந்ததை அவர்கள் முகத்தில் பார்த்தேன்.

புகார் கொடுக்கும் முறையை அவர் விளக்கிய பகுதி, நான் பல பயிலரங்குகளில் கேட்டவற்றுள் மிகத் தெளிவானது. நிகழ்வு நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதங்கள் வரை அவகாசம் தரலாம். எழுத இயலாதவருக்கு எழுதிக் கொடுக்க உதவுவது குழுவின் கடமை. உடல்நிலையாலோ மனநிலையாலோ பாதிக்கப்பட்டவர் தாமே வர முடியாதபோது உடன் படிப்பவரோ உறவினரோ அவர் சார்பில் கொடுக்கலாம். புகாரின் பிரதி ஏழு நாளில் எதிர்த்தரப்புக்குச் செல்லும். தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். அடுத்த பத்து நாளில் அறிக்கை தரப்பட வேண்டும். அறிக்கை வந்த முப்பது நாளில், மேல்முறையீடு இல்லையென்றால், நிர்வாகம் அதன்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்தக் கால வரம்புகளை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், ஒரு கற்பனைப் புகாரை எடுத்துக்கொண்டு, ஜூலை முதல் வாரத்தில் கொடுத்தால் எந்தெந்தத் தேதியில் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று நாட்காட்டியில் மாணவர்களையே குறிக்கச் செய்தார். செமஸ்டர் தேர்வு வருவதற்குள் விசாரணை முடிந்துவிடும் என்பதை அவர்கள் தாங்களே கண்டுகொண்டார்கள்.

தேர்வு என்ற சொல் வந்ததுமே உண்மையான அச்சம் வெளிப்பட்டது. அகமதிப்பீட்டு மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கும்போது ஓர் ஆசிரியர் மீது எப்படிப் புகார் கொடுப்பது என்று ஒரு மாணவி கேட்டார். கல்லூரிகளில் நூற்றுக்கு இருபத்தைந்து மதிப்பெண் அகமதிப்பீடாக இருப்பது பரவலான வழக்கம். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் ஒரு பெண்ணுக்கு அந்த இருபத்தைந்து எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும். இந்தக் கேள்விக்கு ‘தைரியமாக இருங்கள்’ என்று பதில் சொல்லும் பேச்சாளர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் அப்படிச் செய்யவில்லை. விசாரணை நடக்கும் காலத்தில் புகார்தாரரின் விடைத்தாளையோ செயல்திறனையோ எதிர்த்தரப்பு ஆசிரியர் மதிப்பிடக் கூடாது என்று தடை விதிக்கக் குழு பரிந்துரைக்கலாம், புகார்தாரர் கேட்டால் மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம், வகுப்புப் பிரிவை மாற்றலாம் என்ற இடைக்கால ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, புகார்க் கடிதத்தின் கடைசிப் பத்தியில் அவற்றை எப்படிக் கேட்பது என்று வாக்கியமாகவே எழுதிக் காட்டினார். அச்சத்துக்கு விடையாக ஒரு நடைமுறையைக் கையில் கொடுத்த அந்த நேரத்துக்காகவே இந்தப் பயிலரங்கை நான் பரிந்துரைப்பேன்.

பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்ற கேள்வியும் வந்தது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே பொதுவெளியில் கசிந்ததை அந்த அரங்கில் இருந்த எல்லோரும் அறிவார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு புகார்தாரர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது என்று சட்டத்தை மட்டும் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் நம்பியிருக்க மாட்டார்கள். அந்தக் கசிவுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததையும், பாதிக்கப்பட்டவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டதையும், 2025 ஜூனில் குற்றவாளிக்கு முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதையும் வழக்கறிஞர் வரிசையாக எடுத்துச் சொன்னார். கசிவு நடந்தது உண்மை, அதற்கு நீதிமன்றம் கணக்குக் கேட்டதும் உண்மை என்று இரண்டையும் மறைக்காமல் சொன்ன நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. கல்லூரி வளாகத்துக்கு வெளியிலிருந்து வரும் குற்றவாளியை உள்ளகக் குழு மட்டும் கையாள முடியாது, அங்கே காவல்துறைதான் செல்ல வேண்டிய இடம் என்பதையும், எந்தக் காவல் நிலையத்திலும் எல்லை பாராமல் புகார் பதிவு செய்யலாம் என்பதையும் அதே மூச்சில் அவர் தெளிவுபடுத்தினார்.

சட்டத்தின் வரலாற்றைச் சொன்ன பகுதி சுருக்கமாக இருந்தாலும் மனத்தில் தங்கியது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான கிராமப் பணியாளர் பன்வாரி தேவியிலிருந்து தொடங்கி, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வழிமுறைகள் வகுத்த உச்ச நீதிமன்றத்தின் 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பு, அதிலிருந்து பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் என்று கோர்வையாகச் சொன்னார். சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் சீண்டலுக்கு ஆளாகி உயிரிழந்ததைத் தொடர்ந்து 1998இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்ததையும் குறிப்பிட்டார். இன்று கல்லூரியில் படிக்கும் பெண்கள் அன்று பிறந்திருக்கவே இல்லை; தங்கள் பாதுகாப்புக்கான ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பெண்ணின் துயரம் இருக்கிறது என்று அறியும்போது, விதியை ஒரு சுற்றறிக்கையாகப் பார்க்கும் பார்வை மாறுகிறது.

கோவா பல்கலைக்கழக வழக்கைப் பற்றிச் சொன்னதும் பொருத்தமாக இருந்தது. அங்கே துறைத்தலைவர் ஒருவர் மீது மாணவிகள் கொடுத்த புகாரை விசாரித்த குழு, கடைசிக் கட்டத்தில் காட்டிய அவசரத்தினால் எதிர்த்தரப்புக்குத் தன் வாதத்தை வைக்கப் போதிய வாய்ப்பு இல்லாமல் போயிற்று என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2023 மே மாதத்தில் அந்த விசாரணையின் முடிவை ரத்து செய்து, விட்ட இடத்திலிருந்து மீண்டும் நடத்தும்படி திருப்பி அனுப்பியது. புகார் கொடுத்த மாணவிகளுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் முடிவு கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள். எங்களைப் போன்ற குழு உறுப்பினர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய வழக்கு இது. நல்ல நோக்கத்தோடு அவசரப்பட்டு நடைமுறையைப் பிழையாகச் செய்தால், அந்தப் பிழையின் சுமை முதலில் விழுவது புகார் கொடுத்தவர் தலையில்தான். அதே தீர்ப்பில், குழு உறுப்பினர்களின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், புகார் கொடுக்கும் முறை ஆகியவை நிறுவனத்தின் இணையதளத்தில் எளிதில் கிடைக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் பணித்திருக்கிறது. வழக்கறிஞர் இதைச் சொன்னவுடன் மாணவர்கள் கைப்பேசியை எடுத்துத் தங்கள் கல்லூரியின் தளத்தைத் தேடிப் பார்த்தார்கள். பணி மாறிப்போன ஒருவரின் பெயர் தலைவராக இன்னும் இருந்தது. அன்று மாலைக்குள் மாற்றுவதாக அலுவலகக் கண்காணிப்பாளர் அங்கேயே ஒப்புக்கொண்டார்.

இந்த அமர்வில் எனக்கு நிறைவு தராத இடம் ஒன்று உண்டு. விடுதி மாணவி ஒருவர், ஆண்கள் விடுதியில் இரவு எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் திரும்பலாம், எங்கள் விடுதியில் மட்டும் மாலை ஆறு மணிக்கு மேல் வாயிற்கதவைப் பூட்டிவிடுகிறார்கள், இது சரியா என்று கேட்டார். அன்று கேட்கப்பட்டவற்றுள் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது; பாதுகாப்பு ஏற்பாடுகள் கண்காணிப்பாகவும் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதாகவும் மாறிவிடக் கூடாது என்றும் அங்கே இருக்கிறது. டெல்லியில் 2015இல் மாணவிகள் விடுதிக் கட்டுப்பாடுகளுக்கு எதிராகத் தொடங்கிய இயக்கம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. இவ்வளவு ஆதாரம் கையில் இருந்தும், ‘நிர்வாகத்தோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று வழக்கறிஞர் அந்தக் கேள்வியை மெல்லக் கடந்துவிட்டார். அழைத்த நிர்வாகத்தைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அவர் கருதியிருக்கலாம். குழுவில் முதல்வர் இருக்கக் கூடாது என்று முதல்வர் முன்னாலேயே சொல்ல முடிந்த ஒருவரிடம் இதையும் நான் எதிர்பார்த்தேன். பேருந்து வசதி, வெளிச்சம், பெற்றோரின் கவலை ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், விதி என்ன சொல்கிறது என்பதை அந்த மாணவிக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

மதிய உணவுக்கு முன் அரை மணி நேரம் நடந்த நாடகம், பறையோடு தொடங்கி அரங்கின் நடுவே ஆடப்பட்டது. ஒரு மாணவியைப் பேருந்தில் தொடரும் ஒருவன், அவளுடைய படத்தைத் திருத்தி வாட்ஸ்அப் குழுவில் போடும் வகுப்புத் தோழன், படிப்பை நிறுத்திவிடலாம் என்று சொல்லும் தந்தை என்று கதை நகர்ந்தது. அப்பாவாக நடித்த மாணவர், கோபப்படாமல், ‘உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்’ என்று தணிந்த குரலில் சொன்னபோது முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெரும்பாலான பெண்கள் புகார் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் சீண்டியவனிடம் உள்ள பயத்தைவிட, வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும் என்ற பயமே. அந்த உண்மையை நாடகம் சரியாகப் பிடித்திருந்தது. முடிவுதான் பொருந்தவில்லை. அண்ணன் வந்து அவனை அடித்துத் தங்கையை மீட்பதாகக் கதை முடிந்தது. காலை முழுவதும் சட்டத்தின் வழியைச் சொல்லிவிட்டு, நண்பகலில் அண்ணனின் கையே தீர்வு என்று காட்டுவது அதுவரை செய்ததைக் கலைக்கும் வேலை. நாடகத்துக்குப் பின் நடந்த உரையாடலில் ஒரு மாணவியே எழுந்து, ‘அண்ணன் இல்லாதவங்க என்ன செய்யறது?’ என்று கேட்டார். நாடகக் குழுவினர் அதை மனமுவந்து ஏற்று, முடிவை மாற்றி எழுதுவதாகச் சொன்னார்கள்.

பிற்பகலில் பணம் பற்றிய அமர்வு. பாலின விழிப்புணர்வு நிகழ்ச்சியில் இப்படி ஒரு பகுதி இருப்பதை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு உயர்கல்விக்கு வந்த மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அவரவர் வங்கிக் கணக்குக்கே வருகிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாகத் தரப்பட்டுவந்த நிதி படிப்புக்கான நிதியாக மாறிய திட்டம் இது. அந்த அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பெறுபவர்கள். ‘உங்கள் ஏ.டி.எம். அட்டை இப்போது யாரிடம் இருக்கிறது?’ என்று அந்த அமர்வை நடத்திய ஆலோசகர் கேட்டார். அப்பாவிடம், அண்ணனிடம், கணவரிடம் என்று கைகள் உயர்ந்தன. யாரையும் குறைசொல்லாமல், குடும்பத்தோடு சண்டை போடவும் சொல்லாமல், கணக்கில் பதிவான கைப்பேசி எண்ணைத் தன் எண்ணாக மாற்றுவது எப்படி, கணக்குக் குறுஞ்செய்தியைப் படிப்பது எப்படி, அதில் ஒரு பகுதியை எப்படிச் சேமிப்பது என்று அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கல்லூரிக்கு ஒரு கிளை மேலாளரை அழைத்து அங்கேயே எண் மாற்ற விண்ணப்பம் வாங்கியிருந்தால் இந்த அமர்வு இன்னும் பயன்பட்டிருக்கும். தன் பெயரில் வரும் பணம் தன் கையில் இருப்பதைவிட எளிதாகப் புரியும் சுயாதீனம் வேறில்லை. இந்தப் பகுதியை எந்தக் கல்லூரியும் விட்டுவிடக் கூடாது.

தற்காப்புக் கலைப் பயிற்சி என்ற பெயரில் நடந்த முக்கால் மணி நேரத்தை வேறு எதற்காவது பயன்படுத்தியிருக்கலாம். மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்வது எப்படி என்று சில அசைவுகளை மேடையில் காட்டினார்கள். நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து பார்த்தார்கள். மாதக்கணக்கில் பழகினால் சிலம்பமோ கராத்தேயோ உடலுக்கும் மனத்துக்கும் உறுதி தரும் என்பதில் ஐயமில்லை. ஒரு முறை பார்த்துவிட்டு வருவதால் கிடைப்பது பொய்யான தெம்பு மட்டுமே. அதோடு, துன்புறுத்துபவர் பெரும்பாலும் முகம் தெரியாதவர் அல்லர். மதிப்பெண் போடுபவராகவோ, உறவினராகவோ, நண்பராகவோ இருப்பவரை மணிக்கட்டை முறுக்கித் தடுக்க முடியாது.

ஆண் மாணவர்கள் விஷயத்தில் ஏற்பாடு பிழையாக இருந்தது. இந்தப் பிழை கல்லூரியைச் சேர்ந்தது. இருபாலரும் படிக்கும் கல்லூரியில், ஒவ்வொரு துறையிலிருந்தும் சில ஆண்களை மட்டும் ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகவே கொள்ளும் அனுமதி) கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர்கள் பின்வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகள் நேர்மையானவை. பொய்ப் புகார் கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். தீய நோக்கத்தோடு பொய் என்று தெரிந்தே கொடுக்கப்பட்ட புகாருக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு, ஆனால் போதிய ஆதாரம் காட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் ஒரு புகாரைப் பொய் என்று முடிவு செய்ய முடியாது என்ற வேறுபாட்டை வழக்கறிஞர் எடுத்துக்காட்டோடு விளக்கினார். கேட்டவர் முழு மனத்தோடு தலையசைத்ததைப் பார்த்தேன். மற்றொருவர், விடுதியில் மூத்த மாணவர்கள் தன் நண்பனின் ஆடையைக் களையச் சொல்லிப் படம் எடுத்ததைப் பற்றி, குரல் தழுதழுக்க, அது ஆணுக்கு நடந்தால் புகார் உண்டா என்றார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் கொள்கிறது. எனினும் மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள் ஆண் மாணவரும் மூன்றாம் பாலின மாணவரும் துன்புறுத்தலுக்கு ஆளாகக்கூடும் என்பதை ஏற்று, எல்லாப் பாலினத்தவர் மீதான வன்முறைக்கும் எதிராக நடவடிக்கை எடுக்கக் கல்லூரியைக் கடமைப்படுத்துகின்றன. பகடிவதையை (ராகிங்) தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது என்று பதில் வந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் ஆலோசகர் அந்த மாணவரைத் தனியே அழைத்து நெடுநேரம் பேசினார். அரங்கில் இன்னும் நூறு ஆண்கள் இருந்திருந்தால் இப்படிப்பட்ட கேள்விகள் இன்னும் எத்தனை வந்திருக்குமோ.

திருநங்கை ஒருவர் தம் கல்லூரிக் காலத்தைப் பற்றிப் பேசிய அமர்வு குறுகியதாயினும் அரங்கு முழுவதும் அமைதியாகக் கேட்டது. கல்வி நிறுவனங்களில் பாலினம் சாராத கழிப்பறை, சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதி, விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் என்பவற்றோடு மூன்றாவது இடம், பால்புதுமையினரை (தன்பால் ஈர்ப்பினர் உள்ளிட்டோரை) புரிந்துகொண்ட ஆலோசகர் ஆகியவை தேவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் காட்டிய வழிகளை அவர் தம் அனுபவத்தோடு இணைத்துச் சொன்னார். அவர் இறங்கிய சற்று நேரத்தில் வழங்கப்பட்ட கருத்துப் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தன. படிவம் கல்லூரி அச்சிட்டது. ஆனால் நிகழ்ச்சி நடத்தும் அமைப்பு அதை முன்பே கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

நடைமுறை விவரங்கள் சில. அமைப்பு கட்டணம் வாங்குவதில்லை; பயணச் செலவையும் உணவையும் கல்லூரி ஏற்க வேண்டும். பேச்சு முழுவதும் தமிழில் இருந்தது. சட்டச் சொற்களையும் அவர்கள் எளிமையாகச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கையேடு கொடுத்தார்கள். 181 மகளிர் உதவி எண், மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையம், காவல் உதவி செயலி ஆகியவற்றின் விவரங்களோடு, கல்லூரிக் குழுவின் பெயர்களை எழுதிக்கொள்ள ஒரு பக்கம் காலியாக விடப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அரங்கிலேயே நிரப்பச் செய்தார்கள். குழு உறுப்பினர்கள் எழுந்து நின்று தங்கள் பெயரையும் எண்ணையும் சொல்ல, எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் முதலில் சொன்ன அளவுகோலுக்கு இதைவிடச் சரியான விடை கிடையாது. நேர ஒழுங்கில் மட்டும் அமைப்பினர் கவனமாக இல்லை. நிகழ்ச்சி நீண்டுபோனதால் கிராமங்களுக்குச் செல்லும் நகரப் பேருந்தைத் தவறவிடுவோமோ என்று மாணவிகள் கடைசி அமர்வில் பதற்றத்தோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டணமில்லாப் பேருந்தை நம்பி வரும் பெண்களுக்கு அடுத்த வண்டி என்பது ஒரு மணி நேரக் காத்திருப்பு, இருட்டிய பின் வீடு. நாலு மணிக்கு முன் முடிப்பது நிகழ்ச்சியின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

எங்கள் குழுவிடம் இந்த அமைப்பை அழைக்கலாம் என்றே பரிந்துரைத்திருக்கிறேன். தற்காப்புப் பயிற்சியை எடுத்துவிட்டு அந்த நேரத்தை வழக்கறிஞருக்கே கொடுக்க வேண்டும், முதலாம் ஆண்டு மாணவர்கள் இருபாலரும் ஒரே அரங்கில் கலந்து அமர வேண்டும், விடுதி விதிகளைப் பற்றிய பகுதி ஒழுங்குமுறையின் வாசகத்தோடு வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும், ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் தனியாக அரை நாள் அமர்வு வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அமைப்பு எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறது: தாங்கள் வரும் நாளுக்கு முன்பே மாணவப் பிரதிநிதிகள் மூவரும் தேர்தல் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கான அறிவிப்பை ஜூன் மாதம் கல்லூரி திறந்த முதல் வாரத்தில் வெளியிட முதல்வர் இசைந்திருக்கிறார்.